ஜபம்: வாய்விட்டா, முணுமுணுத்தா, மனசுக்குள்ளேயா?

ஜபம் பண்ண ஆரம்பிப்பவர்கள் முதலில் கேட்பது "எந்த மந்திரம்?" என்றுதான். என்னைக் கேட்டால், அதை எப்படிச் சொல்கிறோம் என்பதில்தான் பாதிப் பேர் தங்குவதும் மீதிப் பேர் எழுந்து ஓடுவதும் தீர்மானமாகிறது.

பிறர் காதில் விழச் சொன்னால் வாசிகம், உதடு மட்டும் அசைந்தால் உபாம்சு, நாக்குகூட அசையாமல் உள்ளுக்குள் ஓடினால் மானசம். வேள்வியைவிட ஜபம் 10 மடங்கு, உபாம்சு 100 மடங்கு, மானசம் 1000 மடங்கு உசத்தி என்று மனுஸ்மிருதி வரிசை கட்டிவிட்டது. இதைக் கேட்டதும் நேரே ஆயிரத்துக்குத் தாவுகிறவர்கள்தான் அதிகம். ஐந்தே நிமிடத்தில் மந்திரம் ஒரு பக்கம், ஆள் கடன் தவணைக் கணக்கில் இன்னொரு பக்கம்.

வாசிகத்துக்கு நல்ல உதாரணம் ஹரே கிருஷ்ணா இயக்கமான இஸ்கான். ஹரே கிருஷ்ண மகாமந்திரத்தை 108 மணி துளசி மாலையில், தீட்சை பெற்றவர்கள் தினமும் குறைந்தது 16 சுற்று சொல்ல வேண்டும், அதாவது 1728 முறை. சாதாரண வேகத்தில் சொன்னால் இரண்டு மணி நேரம்கூடப் போய்விடும். காது கேட்டுக்கொண்டே இருப்பதால் மனம் நழுவினால் உடனே தெரியும், அது பெரிய லாபம். ஆனால் சுற்றை முடித்தாக வேண்டும் என்ற அவசரம் வந்தால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கஞ்சியாகிவிடும்.

இதற்கு நேர் எதிர், மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானம். காலையும் மாலையும் 20 நிமிடம், கண்ணை மூடி மனதுக்குள் மட்டும். ஜபமாலையும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. மந்திரம் நழுவினால் நழுவட்டும், நினைவு வந்ததும் மெல்லத் திரும்பினால் போதும் என்கிறார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தோது. ஆனால் கட்டணம் உண்டு, கிடைத்த மந்திரத்தை வெளியே சொல்லவும் கூடாது. இது மதமே இல்லை என்பது அவர்கள் வாதம், ஆனால் கற்றுத் தரும் முன் குரு பூஜை நடக்கிறது. அமெரிக்காவில் நியூ ஜெர்சி பள்ளிகளில் நடந்த வகுப்பை மதம் சார்ந்தது என்றே 1979-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

ரகசியம் காப்பது புதுசு இல்லை. அம்பாள் வழிபாட்டு மரபான ஸ்ரீவித்யையின் 15 எழுத்து மந்திரத்தை இன்றும் தீட்சை இல்லாமல் ஜபிக்கக் கூடாது என்பார்கள். மறுபக்கம், திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி குருவிடம் பெற்ற ரகசியத்தை ஊருக்கே சொன்ன ராமானுஜர் கதையும் நம்மிடம்தான் இருக்கிறது. நமசிவாயத்தைச் சம்பந்தரும் அப்பரும் பதிகமாகவே பாடிவைத்துவிட்டார்கள், யாரும் சொல்லலாம். (சைவ தீட்சை முறையில் உபதேசம் பெற்றுச் சொல்வது தனி விஷயம்.)

ரமணர் 1907-ல் சமஸ்கிருதப் புலவர் காவ்யகண்ட கணபதி முனிக்குச் சொன்னது இன்னொரு வழி: ஜபிக்கும்போது அந்த ஒலி எங்கிருந்து எழுகிறது என்று பார், மனம் அங்கே அடங்கும். ஆனால் கேட்டவர் கோடிக்கணக்கில் ஜபம் செய்தவர், அதை மறக்கக் கூடாது.

புதிதாக ஆரம்பிப்பவருக்கு என் ஓட்டு உபாம்சுவுக்கே. உதடு அசைவதால் பிடிப்பு இருக்கும், தொண்டையும் வலிக்காது, பக்கத்தில் இருப்பவருக்கும் தொல்லை இல்லை. மாலையை நடுவிரலில் போட்டுக் கட்டைவிரலால் தள்ளுங்கள், ஆள்காட்டி விரல் படக் கூடாது என்பார்கள். மாலையின் தலைமணியான மேரு மணி வந்தால் தாண்டாமல் திருப்பிக்கொள்ளுங்கள். முதல் மாதத்துக்கு ஒரு சுற்றே தாராளம்.