டிரஸ்ட் வேலைக்குப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்: என் 47,400 ரூபாய் போன கதை

இன்று காலை ஒரு வேலைவாய்ப்பு வாட்ஸ்அப் குழுவில் இந்த விளம்பரம் வந்தது. "களப்பணியாளர் தேவை. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்தவர்களுக்கு முன்னுரிமை. டூவீலர் அவசியம். சம்பளம் 18,500." ஜனவரி கடைசி வரை அது என் வேலை. பார்த்ததும் தட்டில் இருந்த இட்லி இறங்கவில்லை. இன்னொரு பிள்ளை போய் மாட்டிக்கொள்ளும் என்பதால் இப்போதே எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலைக்குச் சேரும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பெயர் சொல்லப் போவதில்லை. டெல்டாவில் நாலைந்து ஒன்றியங்களில் வேலை பார்க்கும் ஒரு பெரிய தொண்டு டிரஸ்ட், அவ்வளவுதான்.

எனக்கு ஊர் திருத்துறைப்பூண்டிப் பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நான் பதினொன்றாவது. கூரை போய், கரண்ட் இல்லாமல், நாள் கணக்கில் பள்ளிக்கூடத்தில் கிடந்தோம். எங்கள் தெருவுக்கு முதலில் தார்ப்பாய் கொண்டுவந்தவர் ஒரு தொண்டு நிறுவனத்து அக்கா. அந்த அக்காவைப் பார்த்துத்தான் நான் எம்.எஸ்.டபிள்யூ. படித்தேன். எங்கள் பக்கத்தில் இந்த வேலைக்கு மரியாதையும் உண்டு. நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அம்மா நடமாடிய மண் இது. சேவை என்று ஒருவர் சொன்னால் நாங்கள் குறுக்குக் கேள்வி கேட்டுப் பழகவில்லை.

போன ஆகஸ்டில் எனக்கு இரண்டு இடத்தில் வேலை கிடைத்தது. நோட்டில் நடுவே கோடு போட்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். இடது பக்கம் வேதாரண்யம் பக்கத்தில் ஒரு சின்ன நிறுவனம். சம்பளம் 13,000, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) உண்டு, பயணப்படி தனி. வலது பக்கம் இந்தப் பெரிய டிரஸ்ட், 18,500. சின்ன இடத்தில் வேலை பார்க்கும் இரண்டு பேரிடம் விசாரித்தேன். இரண்டு பேரும் குறைதான் சொன்னார்கள். வருஷத்துக்கு 500 ரூபாய்தான் ஏற்றுவார்கள், செயலாளர் சிடுமூஞ்சி, ஆபீசில் ஃபேன் ஓடாது. "ஆனா அஞ்சாந்தேதி சம்பளம் ஏறிடும்" என்று ஒருத்தி சொன்னாள். அது என் காதில் விழவே இல்லை. பெரிய இடத்தில் மூன்று பேரைக் கேட்டேன். மூன்று பேரும் "சார் தங்கமான மனுசர்மா" என்றார்கள். ஒரு குறைகூட இல்லை. அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அப்போதும் முடிவெடுக்காமல்தான் இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இயக்குநர் சாரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். திண்ணையில் துண்டை உதறிப் போட்டு உட்கார்ந்தார். அம்மா அவசரமாகப் பொரித்த அப்பளத்தை நன்றாக இருக்கிறது என்று இரண்டாவது முறை கேட்டு வாங்கினார். சாப்பிட்டு இலையைத் தானே எடுத்துக் கொல்லையில் போட்டார். அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அப்பாவின் கையைப் பிடித்து, "அய்யா, இனி இவ எங்க வீட்டுப் பொண்ணு. நாங்க கம்பெனி இல்ல, குடும்பம்" என்றார். அவர் கார் மதகைத் தாண்டும் முன்பே அப்பா சொல்லிவிட்டார்: "அங்கயே சேந்துடு ஆயி."

சேர்ந்த அன்று ஒரிஜினல் டிகிரி சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் வைத்தார்கள். சரிபார்க்க என்றார்கள். ஆர்டரில் 'ஊழியர்' என்ற சொல்லே இல்லை, 'களத் தன்னார்வலர்' என்று இருந்தது. 'சம்பளம்' இல்லை, 'மதிப்பூதியம்'. தமிழ் அழகாக இருக்கிறதே என்று நினைத்த முட்டாள் நான். ஊழியரே இல்லை என்றால் பி.எஃப். எங்கே, இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு எங்கே?

முதல் மாதச் சம்பளம் 18,500 அப்படியே கணக்கில் ஏறியது. அம்மாவுக்கு ஒரு சேலை எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அக்கவுண்டன்ட் அண்ணன் கூப்பிட்டு, "நாளைக்கு 4,500 எடுத்துட்டு வந்துடும்மா, எல்லாரும் குடுக்கறதுதான்" என்றார். ஒன்பது ஐநூறு ரூபாய் நோட்டு. அவர் எண்ணி டிராயரில் போட்டுவிட்டு, ஒரு லாங் சைஸ் நோட்டில் என் பெயருக்கு எதிரே டிக் அடித்தார். பென்சிலால். வேண்டும்போது அழித்துக்கொள்ளலாம் பாருங்கள்.

சாரிடம் கேட்டேன். கோபப்படவே இல்லை, காபி சொன்னார். வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை போகலாம் என்று இருந்ததை வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்தில் 20 ஆகக் குறைத்துவிட்டார்கள், ஆபீஸ் வாடகைக்கு எங்கே போவது, எல்லோரும் சேர்ந்து இழுக்கிற தேர் இது என்றார். அப்புறம் தேடிப் பார்த்தேன், சட்டம் மாறியது உண்மைதான். அதற்காக வாய்க்கால் மேட்டில் வண்டி ஓட்டுகிறவளின் சம்பளத்திலிருந்தா வாடகை கட்டுவது? நன்கொடை என்றால் ரசீது எங்கே? 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிச் சலுகைகூடக் கிடையாது, இவ்வளவு சட்டம் பேசுகிறவருக்கு அது தெரியாதா? இதையெல்லாம் இப்போது கேட்கிறேன். அன்றைக்கு காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

ஐந்து மாதம் 4,500 வீதம் கொடுத்தது 22,500. அதே ஐந்து மாதத்தில் ஒன்பது கிராமங்களுக்கு என் ஸ்கூட்டியில் போன பெட்ரோல் 6,400, பில்லெல்லாம் கொடுத்தாயிற்று, நவம்பர் மழையில் நனைந்த பில்லைக் காயவைத்துக்கூடக் கொடுத்தேன். ஜனவரிச் சம்பளம் 18,500 வரவே இல்லை. ஆக 47,400. நாற்பத்தேழாயிரத்து நானூறு.

ஜனவரி கடைசியில் வேலையை விட்டேன். அதன் பிறகுதான் வேடிக்கை. அக்கவுண்டன்ட் அண்ணனைக் கேட்டால் "சார்கிட்ட கேளுங்கம்மா". சாருக்கு அடித்தால் "டூர்ல இருக்கேன்மா". ஃபண்ட் வரவில்லை என்றார்கள், ஆடிட்டர் வரட்டும் என்றார்கள். மெசேஜில் நீல டிக் விழும், பதில் வராது. நேரில் போனால் பிரேயர் நடக்கிறது, வெளியே உட்கார் என்றார்கள். மூன்று முறை போய்வந்த பஸ் செலவை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

நேற்று மதியம் சர்டிபிகேட்டையாவது வாங்கலாம் என்று போனேன். மேசையில் ஏற்கெனவே ஒரு தாள் டைப் அடித்துத் தயாராக இருந்தது. 'எனக்குச் சேர வேண்டிய தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன், எந்தப் பாக்கியும் இல்லை.' கையெழுத்துப் போட்டால் சர்டிபிகேட். தாளின் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டேன். என்ன செய்வேன், இரண்டு வருஷப் படிப்பு அந்த பீரோவில் இருக்கிறது.

இப்போது என் பாஸ்புக்கைப் பார்த்தால் ஜனவரியைத் தவிர மாதாமாதம் 18,500 வந்திருக்கிறது. திரும்பக் கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு இல்லை. ஏடிஎம் சீட்டுகள் ஐந்தையும் வைத்திருக்கிறேன், மை பாதி மங்கிவிட்டது. நிதி கொடுக்கிறவர்களுக்கு எழுதலாமே என்பீர்கள். அங்கே இருக்கும் அக்கா ஒருவர் ராத்திரி போன் செய்து அழுதார். "எழுதிடாத தங்கச்சி, புராஜெக்ட்ட மூடிட்டா பன்னெண்டு பேரு தெருவுக்கு வந்துடுவோம்." அந்த மெயில் இன்னும் டிராஃப்டில்தான் கிடக்கிறது.

அப்பாவிடம் தொகையைச் சொன்னேன். 2025-26 பருவத்தில் பொது ரக நெல்லுக்கு அரசு கொள்முதல் விலை ஊக்கத்தொகையோடு குவிண்டாலுக்கு 2,500. நாற்பது கிலோ மூட்டைக்கு ஆயிரம். "நாப்பத்தேழு மூட்டை" என்றார், எழுந்து களத்துக்குப் போய்விட்டார்.

அந்தப் பழைய நோட்டை எடுத்து மறுபடி கணக்குப் போட்டேன். பெரிய இடத்தில் 18,500 இல் 4,500 போய், பெட்ரோல் மாதம் 1,280 போய், ஒழுங்காகக் கொடுத்த மாதத்திலேயே கையில் நின்றது 12,720. சின்ன இடத்தில் 13,000 இல் 12 சதவீதம் 1,560 பிடித்தம் போகக் கையில் 11,440 வந்திருக்கும். அவர்கள் பங்கும் 1,560. ஆக பி.எஃப்., பென்ஷன் என்று மாதம் 3,120 என் பெயரில் சேர்ந்திருக்கும். கூட்டினால் 14,560. ஃபேன் ஓடாவிட்டால் என்ன, விசிறிக்கொண்டிருந்திருப்பேன்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், அப்பா களத்திலிருந்து கூப்பிடுகிறார், சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுக்காதீர்கள், காட்டிவிட்டு ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். ஆர்டரில் 'மதிப்பூதியம்', 'தன்னார்வலர்' என்று இருந்தால் பி.எஃப். எண் எப்போது வரும் என்று அன்றைக்கே கேளுங்கள். தொண்டு நிறுவனங்கள் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் எண் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள், நானும் அதைப் பார்த்துத்தான் சேர்ந்தேன், அது வெறும் பதிவேடு. வேலையில் இருப்பவரை விட்டுவிட்டு, வேலையை விட்டுப் போனவரைத் தேடிப்பிடித்து விசாரியுங்கள். சம்பளத்தில் ஒரு பகுதியை அவர்கள் திருப்பிக் கேட்டால் ஜிபேயில் அனுப்புகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறுவது தெரியும்.

திருவாரூர், நாகை, மயிலாடுதுறை, தஞ்சாவூர் பக்கம் 18,500 என்று அந்த விளம்பரம் வந்தால் சேரும் முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள், பெயரைத் தனியாகச் சொல்கிறேன்.