ஃபூக்கோவா, பட்லரா? காலேஜ் வாத்தியார்கள் ஆன்லைன்ல எழுதுறத எத வச்சுப் படிக்கிறது

காலேஜ்ல பாடம் நடத்துறவங்க வேலை நேரம் போக ஆன்லைன்லயும் எழுதுறாங்கல்ல, அதத்தான் பிஎச்டிக்கு எடுத்திருக்கேன். அதிகாரம், தன்னிலை (ஒருத்தர் தன்ன ஒரு ஆளா உணர்றது)ன்னு பேச்செடுத்தாலே எல்லாரும் கையக் காட்டுறது பிரெஞ்சு சிந்தனையாளர் ஃபூக்கோவோட பனோப்டிகான். எனக்கும் முத வருசம் பூரா அதுலயே ஓடிருச்சு. அப்புறம் அமெரிக்கத் தத்துவவாதி ஜூடித் பட்லர், கூடவே ஃபூக்கோவோட கடைசிக்கால எழுத்து, ஆக கையில மூணு வழி இருக்கு.

பனோப்டிகான் தெரிஞ்ச கதைதான். பெந்தாம்ங்கிற இங்கிலீஷ் தத்துவவாதி போட்ட ஜெயில் பிளான், நடுவுல டவர், சுத்தி செல், டவர்ல ஆள் இருக்கானா இல்லையான்னு தெரியாததால கைதி தன்னத்தானே பாத்துக்குவான், இத 1975ல வந்த புக்குல ஃபூக்கோ ஸ்கூல், ஆஸ்பத்திரி, ஃபேக்டரி வரைக்கும் விரிச்சார். பிரின்சிபால் படிச்சிருவாரோன்னு ஒரு வரிய அழிக்கிற வாத்தியாருக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கும். ஆனா எங்கம்மா கோத்தகிரி பக்கம் கொழுந்து பறிக்கிறவங்க. மிஸ்ட் எறங்கிட்டா அடுத்த வரிசையில நிக்கிற ஆளே தெரியாது, சூப்பர்வைசருக்கும் ஒண்ணும் தெரியாது, இருந்தாலும் ஒரு கையும் நிக்காது, ஏன்னா சாயங்காலம் எடை போடணும். விசயம் பார்வையில இல்ல, தராசுல இருக்கு. இதையும் அதே புக்குலயே ஃபூக்கோ சொல்லிட்டாரு, பரீட்சை, ரெக்கார்டு, ஆளாளுக்கு மார்க்குன்னு. டவர் படம் அழகா இருக்கவும் அந்தப் பக்கத்த யாரும் திருப்புறதில்ல. நம்ம பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யூஜிசி, 2010ல வாத்தியார்களோட வேலைய மார்க் போட்டு அளக்க ஏபிஐ ஸ்கோர்னு கொண்டு வந்துச்சே, பேப்பருக்கு இத்தன, புக்குக்கு இத்தனன்னு, அது சாட்சாத் தராசுதான்.

சரி, தராசுல ஏறாத எழுத்த ராத்திரி பதினோரு மணிக்கு உக்காந்து எதுக்கு எழுதுறாங்க? இங்கதான் பட்லர் வேணும். போலீஸ்காரன் "ஏய், ஒன்னத்தான்"னு கூப்புடுறான், திரும்புறவன் அந்தத் திரும்புறதுலயே அதிகாரத்துக்கு உட்பட்ட ஆளாயிடுறான்னு 1970ல பிரெஞ்சு மார்க்சியத் தத்துவவாதி அல்தூசர் எழுதுனாரு. அவன் ஏன் திரும்பணும்னு 1997ல பட்லர் கேட்டாங்க. கூப்புடுற பேரு குத்துனாலும் அது இல்லாட்டி நாம யாருமில்லன்னு ஆயிடும், அதனால அதையே இறுக்கிப் புடிச்சுக்குறோம்னு போகுது அவங்க வாதம். நான் பேசுன கெஸ்ட் லெக்சரர் அக்கா ஒருத்தவங்கள ஸ்டாஃப் ரூம்ல நக்கலா "எழுத்தாளர் மேடம்"னு கூப்புடுவாங்களாம். மொதல்ல அழுகையா வந்துச்சாம், இப்ப புரொஃபைல்ல அதையேதான் போட்டிருக்காங்க. பனோப்டிகான வச்சு இத எப்படிச் சொல்லுவீங்க?

அதே அக்காவோட இன்னொண்ணு. சம்பளம் லேட்டானத பத்தி எழுதுறப்ப மொத டிராஃப்ட்ல "எனக்கு", ரெண்டாவதுல "எங்களுக்கு", கடைசியா போட்டது "நமக்கு". ஏன்க்கா மாத்துனீங்கன்னேன். "எங்களுக்குன்னா கூட்டம் சேக்குறான்னுவாங்க, நமக்குன்னா பெர்மனன்ட் ஸ்டாஃபும் உள்ள வந்துருவாங்கல்ல"ன்னாங்க. இங்கிலீஷ்ல "எங்களுக்கு", "நமக்கு" ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதான், அதனால பட்லரோட வாதத்துல இத நாமதான் சேத்துக்கணும்.

ஆனா பட்லர்ல ஒரு குறை, எழுதுறதுங்கிற வேலை கண்ணுல படாது. டிராஃப்ட், அடித்தல், திருத்தல், இதுக்கு 1983ல ஃபூக்கோ தன்னைப் பத்தி எழுதிக்கிறது பத்தி எழுதுன கட்டுரைதான் தோது. பழைய கிரேக்க, ரோமானிய ஆளுங்க படிச்சது, கேட்டதெல்லாம் நோட்டுல எழுதி வச்சுத் திரும்பத் திரும்பப் படிச்சுத் தன்ன உருவாக்கிக்கிட்டாங்க, அது மனசக் கொட்டுற டைரி இல்லம்பாரு. ஆனா அவங்கள்லாம் பொழுது கையில இருந்த ஆம்பளைங்க. நம்ம அக்கா கோத்தகிரி பஸ்ல நின்னுக்கிட்டே ஃபோன்ல டைப் அடிக்கிறவங்க, தொட்டபெட்டா ஜங்ஷனுக்கு முன்னாடி சிக்னல் போயிரும்னு அதுக்குள்ள போஸ்ட் பண்ணிருவாங்க.

அதனால இன்டர்வியூவுக்கு பட்லர், டிராஃப்டுக்கு 1983 ஃபூக்கோ, ஏபிஐ சாப்டருக்கு மட்டும் 1975. டவர எடுத்துட்டேன், கைடுக்குத்தான் வருத்தம், அவரு பிபிடில அந்தப் படம் இருந்துச்சு.