சிஸ்டம்டி ஜர்னலும் ஆர்சிஸ்லாக்கும்: பல வருடம் பழகிய பின்

லினக்ஸ் சர்வரில் சர்வீஸ்களை இயக்கிக் கவனிக்கும் சிஸ்டம்டி வந்த புதிதில், அதன் ஜர்னலை, அதாவது சாதாரண எழுத்துக் கோப்பாகப் படிக்க முடியாத பைனரி லாக்கைத் திட்டாத சர்வர்காரர்கள் குறைவு. லாக் கோப்பில் தேட க்ரெப்பும் கடைசி வரிகளைப் பார்க்க டெயிலும் இருக்க இது எதற்கு என்று நானும் கேட்டவன்தான். சிஸ்டம்டியோடு டெபியன் 8 என்ற லினக்ஸ் பதிப்பு வெளிவந்த 2015 முதல் இதோடுதான் காலம் ஓடுகிறது. இப்போது ஒரு சர்வர் எழுந்திருக்க மறுத்தால் கை தானாக, ஜர்னலைப் படிக்கும் கட்டளையான ஜர்னல்சிடிஎல் என்றுதான் டைப் செய்கிறது. பல சர்வர்களின் லாக்கை ஓரிடத்தில் சேர்க்க மட்டும் ஆர்சிஸ்லாக். தலைவலி பெரும்பாலும் அங்கேதான்: எந்த வரி எந்த மெஷினுடையது?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பூட்டின் லாக்கையும் ஜர்னல் தனித்தனியாக வைத்திருக்கும். இரவில் தானாக ரீபூட் ஆன சர்வர் கடைசியாக என்ன சொல்லிவிட்டு விழுந்தது என்று முந்தைய பூட்டை மட்டும் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் அதற்கு வார் லாக் (/var/log) டைரக்டரிக்குள் ஜர்னல் என்றொரு டைரக்டரி இருக்க வேண்டும். ஜர்னலின் ஸ்டோரேஜ் அமைப்பு 'ஆட்டோ'வில் இருந்து அந்த டைரக்டரியும் இல்லையென்றால் லாக் மெமரியில்தான் இருக்கும், ரீபூட்டோடு போச்சு. புது சர்வர் கைக்கு வந்ததும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். டிஸ்க் நிரம்பிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், இயல்பான உச்சவரம்பு டிஸ்க்கில் 10 சதவீதம், அதுவும் 4 ஜிபிக்கு மேல் போகாது.

ஒரு சர்வீஸ் ஸ்டார்ட் ஆகாதபோது பலர் ஸ்டேட்டஸ் மட்டும் பார்த்துவிட்டுக் குழம்புகிறார்கள். அது காட்டுவது லாக்கின் கடைசி 10 வரிதான். 'ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிபீட்டட் டூ குயிக்லி' என்று வந்தால் அது காரணமே இல்லை. 10 வினாடிக்குள் 5 முறை முயன்று சிஸ்டம்டி கைவிட்டதைத்தான் சொல்கிறது. காரணம் அதற்கு முன்னால், முதல் முயற்சியில் இருக்கும். எக்ஸிட் கோட் 203 என்றால் புரோகிராமை இயக்கவே முடியவில்லை: பாதை தவறு, இல்லையேல் எக்ஸிக்யூட் அனுமதி இல்லை. 217 என்றால், சர்வீஸை எப்படி இயக்குவது என்று எழுதியிருக்கும் யூனிட் கோப்பில் சொன்ன யூசரில் சிக்கல். இந்த இரண்டு எண்கள் எனக்கு மிச்சப்படுத்திய நேரம் கொஞ்சமில்லை. பூட் 90 வினாடி நின்று பிறகு எமர்ஜென்சி மோடுக்குப் போனால் பூட்டின்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் கோப்பில், மெஷினில் இல்லாத டிஸ்க் ஒன்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அவசியமில்லாத டிஸ்க்குகளுக்கு 'நோஃபெயில்' (டிஸ்க் கிடைக்காவிட்டாலும் பூட் தொடரட்டும் என்ற குறிப்பு) போட்டு வைப்பது நல்லது.

வெப்சர்வரான அப்பாச்சியின் புகழ்பெற்ற எச்சரிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. சர்வரின் முழு டொமைன் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, 127.0.1.1-ஐப் பயன்படுத்துகிறேன் என்று அது புலம்பும். அதனால் அப்பாச்சி நிற்காது. அது எழாததற்குக் காரணம் பெரும்பாலும் வேறு: 80-ஆம் போர்ட்டை இன்னொரு வெப்சர்வரான என்ஜினெக்ஸ் ஏற்கெனவே பிடித்திருக்கும், அது பக்கத்து வரியிலேயே எழுதியிருக்கும். ஆட்களோ சர்வர்நேமைத் துரத்திக்கொண்டிருப்பார்கள். சர்வர்நேம் ஒரு வரி எழுதிவிட்டால் அந்தப் புலம்பல் ஓயும், அவ்வளவுதான்.

சரி, ஹோஸ்ட்நேம், அதாவது மெஷினின் பெயர். ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளையால் மாற்றுவது எளிது, ஆனால் அது பெயரையும் ஐபியையும் இணைக்கும் ஈடிசி ஹோஸ்ட்ஸ் (/etc/hosts) கோப்பைத் தொடாது. அங்கே பழைய பெயரே இருந்தால், ரூட் அனுமதியோடு கட்டளையை இயக்கும் சூடோ ஒவ்வொரு முறையும் ஹோஸ்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று முணுமுணுக்கும். கிளவுட் மெஷின்களில் இன்னொரு தொல்லை: நாம் வைத்த பெயரை அடுத்த பூட்டில், மெஷினைத் தானாக அமைக்கும் கிளவுட்-இனிட் பழையபடி மாற்றிவிடலாம். அதன் கன்ஃபிக்கில் 'பிரிசர்வ் ஹோஸ்ட்நேம்' என்பதை ட்ரூ ஆக்கினால் தீர்ந்தது.

பெயர் மாறினாலும் ஜர்னலின் பழைய வரிகளில் பழைய பெயர்தான் நிற்கும். ஒரே மெஷின்தானா என்று தெரிய, ஒவ்வொரு மெஷினுக்கும் தனியாக இருக்க வேண்டிய மெஷின் ஐடியைப் பார்க்கலாம். அதிலும் ஒரு வில்லங்கம்: ஒரே இமேஜிலிருந்து குளோன் செய்தவர்கள் ஐடியை அழிக்காமல் விட்டிருந்தால் எல்லா மெஷினுக்கும் ஒரே ஐடி.

ஆர்சிஸ்லாக் சர்வரில் ஹோஸ்ட்நேம் என்று பதிவாவது அனுப்பிய மெஷின் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட பெயர். நான்கு மெஷின்கள் தங்களை லோக்கல்ஹோஸ்ட் என்று சொன்னால் நான்கும் ஒரே கோப்பில் கலந்துவிடும். அதனால் லாக்கை எப்படி எழுத வேண்டும் என்று சொல்லும் என் டெம்ப்ளேட்டில் அந்தப் பெயரோடு, பாக்கெட் வந்த ஐபியைத் தரும் 'ஃப்ரம்ஹோஸ்ட்-ஐபி'யும் சேர்ந்தே இருக்கும். நடுவில் லாக்கை வாங்கி அனுப்பும் ரிலே இருந்தால் இந்த ஐபி ரிலேயுடையது. அப்போது ஹோஸ்ட்நேமைத்தான் நம்ப வேண்டியிருக்கும். இரண்டில் ஒன்று போதும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லாக் செய்திகளுக்கான பழைய தரநிலையான ஆர்எஃப்சி 3164 வடிவத்தை அப்படியே விட்டுவைக்கவும் காரணம் தெரியவில்லை, அதன் நேரத்தில் வருடமும் இல்லை, டைம்ஸோனும் இல்லை. 2009-இல் வந்த 5424 இரண்டையும் தருகிறது.

பெயர் மாற்றிய பிறகு அந்த மெஷினில் ஆர்சிஸ்லாக்கை ரீஸ்டார்ட் செய்து, லாகர் கட்டளையால் ஒரு சோதனை வரி அனுப்பி, மறுமுனையில் அது எந்தப் பெயரில் விழுகிறது என்று பாருங்கள். பழைய பெயரிலேயே விழுந்தால் கன்ஃபிக்கில் 'லோக்கல்ஹோஸ்ட்நேம்' என்ற குளோபல் அமைப்பை யாராவது கையால் எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள்.