காதர்பேட்டை தெர்மல் செட்: மைனஸ் நாற்பதில் எது தாங்கும், எது தாங்காது

திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தே போய்விடலாம் காதர்பேட்டைத் துணிச் சந்தைக்கு. ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சியது, பையர் (வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி) தள்ளிவிட்டது, சைஸ் கலந்துபோனது எல்லாம் அங்கே வந்து குவியும். ஊட்டிக்கு டூர் போகிறவர் கேட்டாலும், லீவு முடிந்து லடாக்கின் லே, டிராஸ் பக்கம் திரும்பும் ஜவான் கேட்டாலும், கனடா ராணுவத்தில் இருக்கும் மகனுக்குப் பார்சல் கட்டும் அப்பா கேட்டாலும், கடைக்காரர் ஒரே அடுக்கிலிருந்துதான் தெர்மல் செட்டை, அதாவது குளிருக்கு உள்ளே போடும் முழுக்கைச் சட்டை, பேன்ட் ஜோடியை, எடுத்துப் போடுவார். மூன்று பேருக்கும் ஒரே துணி ஒத்துவராது. ஊட்டிக் குளிருக்கு எதைப் போட்டாலும் ஓடிவிடும் என்பதால் அதை விட்டுவிடலாம். துருவப் பகுதி ராணுவ நிலையம் மாதிரியான இடத்தில் ஆறு மாதம் டூட்டி பார்க்கப் போகிறவருக்கு இந்த செட் உதவுமா என்பது மட்டுமே இங்கே பேச்சு.

அந்தக் குளிர் எப்படிப்பட்டது என்பதற்கு கனடாவின் அலர்ட் நிலையத்தை எடுத்துக்கொள்ளலாம். எல்ஸ்மியர் தீவின் வட முனையில், வட துருவத்திலிருந்து 817 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. அக்டோபர் நடுவில் மறையும் சூரியன் பிப்ரவரி கடைசியில்தான் மறுபடி எட்டிப் பார்க்கும். பிப்ரவரியில் சராசரியே மைனஸ் 30-க்குக் கீழே. மைனஸ் 30-ல் மணிக்கு 30 கி.மீ. காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 46 மாதிரி. திறந்திருக்கும் தோல் பத்து நிமிஷத்துக்குள் உறையத் தொடங்கிவிடும். சாமான் எல்லாம் விமானத்தில் வரவேண்டும். பேன்ட்டின் கவட்டுத் தையல் விட்டுப்போனால் அடுத்த வாரம் கூரியரில் மாற்று வராது.

மேலே போடும் பார்க்கா (தலைமூடி வைத்த கனமான கோட்டு), பூட்ஸ், கனமான கையுறை எல்லாம் ராணுவமே கொடுத்துவிடும். நாம் வாங்கிச் சேர்ப்பது தோலை ஒட்டிய உள் அடுக்கைத்தான், அதுவும் பெரும்பாலும் மாற்று செட்டாக. இந்த அடுக்கின் முதல் வேலை சூடு கொடுப்பது என்று நினைத்தால் தவறான துணியைத்தான் வாங்குவோம். அதன் முதல் வேலை வியர்வையைத் தோலிலிருந்து கடத்துவது. கட்டடத்துக்குள் பிளஸ் 20, கதவைத் திறந்தால் மைனஸ் 40. வெளியே போய் அரை மணி நேரம் பனி வாரினால் முதுகு நனைந்துவிடும். அடுத்து ஒரு ஆன்டெனா கேபிளைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டியிருக்கும். ஆளை விழத்தட்டுவது அந்த நேரம்தான். காற்றைவிடத் தண்ணீர் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும்.

பருத்தியால் வளர்ந்த ஊரில் நின்று இதைச் சொல்லச் சங்கடம்தான். ஆனால் காட்டன் பனியனும் காட்டன் தெர்மலும் அங்கே உள்ளே போடக் கூடாத துணி. சாதாரண ஈரப்பதத்திலேயே பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பாலியஸ்டர் பிடிப்பது 0.4 சதவீதம். நனைந்த காட்டன் தோலோடு ஒட்டிக்கொண்டு காய மறுக்கும். உள்ளே அழகாக பிரஷ் பண்ணி, பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும் 60/40 காட்டன்-பாலி (பாலியஸ்டர்) செட்தான் கடையில் தொட்டுப் பார்த்ததும் எல்லாருக்கும் பிடித்துப்போவது. ராத்திரி ராணுவ விடுதியில் போட்டுத் தூங்க அது அருமை. வெளிவேலைக்குப் போட்டுப் போனால் அந்த மெத்துதான் வியர்வையைச் சேர்த்து வைக்கும்.

விஸ்கோஸ், அக்ரிலிக், ஸ்பான்டெக்ஸ் (ரப்பர் மாதிரி இழுபடும் இழை) கலந்த மெல்லிய வழவழப்பான வகையும் லாட் லாட்டாக வருகிறது. விஸ்கோஸ் பருத்தியைவிட அதிகமாக, 13 சதவீதம் வரை ஈரம் பிடிக்கும். குளிர் ஊரில் ஆபீஸ் போய்வருபவருக்குச் சரி, மண்வெட்டி பிடிப்பவருக்கு வேண்டாம்.

எடுக்க வேண்டியது முழு பாலியஸ்டர் செட். இருபக்கமும் ஒரே மாதிரி வழவழப்பான இன்டர்லாக், குழி குழியான வாஃபிள், உள்பக்கம் கட்டம் கட்டமாக மேடு விட்ட கிரிட் என மூன்று பின்னலில் கிடைக்கும். வாஃபிளும் கிரிட்டும் முதல் தேர்வு. பள்ளங்களில் காற்று நிற்கும், மேடு மட்டுமே தோலில் படும், துவைத்தால் சீக்கிரம் காயும். சிங்கிள் ஜெர்சியில் தைத்ததைத் தெர்மல் என்று கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது டி-ஷர்ட் துணி.

சரி, பாலி என்று எப்படித் தெரிந்துகொள்வது? சர்பிளஸ் (ஏற்றுமதியில் மிஞ்சிய) சரக்கில் லேபிளை வெட்டியிருப்பார்கள், இல்லை வேறு லேபிள் ஏறியிருக்கும். ‘ஏனுங்ணா, இது ஃபுல் பாலிங்களா?’ என்று கேட்டால் நாம் விரும்பும் பதில்தான் வரும். ஒரு பீஸ் வாங்கி எரித்துப் பாருங்கள். பலர் தடுமாறும் இடமும் இதுதான்: தையலிலிருந்து நூலை உருவி எரிக்கிறார்கள். தையல் நூல் எப்படியும் பாலியஸ்டர்தான், அதை வைத்துப் பார்த்தால் காட்டன் பனியனும் பாலி ஆகிவிடும். உள்தையலில் ஓவர்லாக்கை (விளிம்பைச் சுற்றிப் போடும் தையலை) ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும் துணி விளிம்பில் ஒரு சிட்டிகை வெட்டி எரிக்க வேண்டும். உருகிச் சுருங்கி, ஆறியதும் கெட்டியான மணியாக நின்றால் பாலி. காகிதம் எரிந்த வாசமும் மெல்லிய சாம்பலும் வந்தால் காட்டன் அல்லது விஸ்கோஸ். இரண்டும் கலந்து வந்தால் கலப்பு. முடி பொசுங்கும் வாசம் அடித்துக் கையில் பொடிந்தால் கம்பளி. மெரினோ கம்பளி லாட் இங்கே அபூர்வம், கண்ணில் பட்டால் விலை பேசாமல் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது தண்ணீர்ச் சோதனை. உள்பக்கத்தில் ஒரு சொட்டு விடுங்கள். சில நொடிகளில் பரவி மறைந்தால் ஈரம் கடத்தும் ஃபினிஷ் இருக்கிறது. முத்தாக உருண்டு நின்றால் அது வெறும் பாலியஸ்டர், வியர்வை தோலிலேயே நிற்கும். இரண்டும் ஒரே அடுக்கில் ஒரே விலைக்கு இருக்கும்.

எடை பார்க்க ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) கட்டர் வைத்திருக்கும் கம்பெனி நண்பர் இருந்தால் வேலை சுலபம். அது வெட்டும் வட்டம் 100 சதுர சென்டிமீட்டர், கிராமை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். கட்டர் இல்லையென்றால் முழு பீஸைத் தராசில் போடுங்கள். எம் சைஸ் முழுக்கை மேல்சட்டை ஏறத்தாழ 220-லிருந்து 260 கிராம் வந்தால் துணி 200 ஜி.எஸ்.எம். அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஓடியாடி வேலை செய்பவருக்கு 150-லிருந்து 200 போதும். நின்ற இடத்தில் காவல் பார்ப்பவருக்கு 250. கனமாக ஒன்று வாங்குவதைவிட மெலிதாக இரண்டு வாங்குவது மேல். வியர்க்கத் தொடங்கும் முன் ஒன்றைக் கழற்றலாம், ஒன்று காயும்போது மற்றதைப் போடலாம்.

தையலில்தான் இந்த சரக்கு மார்க் வாங்குகிறது. நல்ல லாட்டில் தோளிலும் பக்கவாட்டிலும் மேடு தட்டாமல் தட்டையாகப் படியும் பிளாட்லாக் தையல் போட்டிருப்பார்கள். ஓவர்லாக் போட்ட தோள்தையல் மேலே மூட்டையின் பட்டி ஏறியதும் ஒரே நாளில் தோலை வரிவரியாகச் சிவக்க வைக்கும். பேன்ட்டில் கவட்டில் டைமண்ட் வடிவத் துண்டு வைத்திருக்கிறதா என்று பாருங்கள். நான்கு தையலும் ஒரே புள்ளியில் சந்தித்தால் குந்தி எழும்போது அங்கேதான் விடும். மேல்சட்டை எம் சைஸில் 70 செ.மீ. நீளமாவது வேண்டும், குனிந்தால் இடுப்பு திறக்கக் கூடாது. மணிக்கட்டிலும் கணுக்காலிலும் ரிப் (இழுபடும் பட்டை) இழுத்துவிட்டால் திரும்பி வர வேண்டும். ஆண்கள் பேன்ட்டில் முன்பக்கத் திறப்பு கட்டாயம். லாட்டில் பெண்கள் பேன்ட் கலந்து வரும், அளவு சரியாகவே இருக்கும். நான்கு அடுக்கு உடுப்போடு மைனஸ் 40-ல் சிறுநீர் கழிக்க நிற்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

செகண்ட்ஸ் (குறையுள்ள) பீஸில் துளை, ஊசி விட்ட கோடு, எண்ணெய்க் கறை என மூன்று வகைக் குறை. கறை கிடக்கட்டும், கோடும் துளையும் வேண்டாம். ஒரு கண்ணி விட்டால் பின்னல் ஓடிக்கொண்டே போகும். நெஞ்சில் பெரிய ரப்பர் பிரின்ட் இருந்தாலும் ஒதுக்குங்கள், அந்த இடத்தில் ஈரம் வெளியேறாது.

சைஸை எழுத்தை வைத்து எடுக்காதீர்கள். நம் பனியன் 85, 90, 95 என்று சென்டிமீட்டரில் போகும், ஏற்றுமதி எஸ், எம், எல் நாட்டுக்கு நாடு மாறும். சட்டையை மேஜையில் விரித்து அக்குளுக்குக் கீழே குறுக்காக அளந்து இரண்டால் பெருக்குங்கள். ஒட்டி இருக்க வேண்டும், இறுக்கக் கூடாது. இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து கைவிரலும் கால்விரலும் முதலில் மரத்துப்போகும்.

பாலியஸ்டரின் குறைகளும் சின்னவை அல்ல. 255 டிகிரியைத் தாண்டினால் உருகித் தோலோடு ஒட்டும். கூடார அடுப்பு, விமானம், தீயணைப்பு என நெருப்போடு வேலை இருப்பவர்கள் தங்கள் பிரிவின் விதியைக் கேட்காமல் இதைப் போடக் கூடாது. அங்கே மெரினோதான் சரி, எளிதில் தீப்பிடிக்காது, உருகாது. அடுத்து, துருவக் குளிர்காலத்தில் கட்டடத்துக்குள் காற்று எலும்பாகக் காய்ந்திருக்கும். செயற்கை இழை மேல் செயற்கை இழை உரசினால் பொறி பறக்கும். எரிபொருள் நிரப்பும் இடத்திலும், மூடி கழற்றிய மின்னணுப் பெட்டி முன்னாலும் அடுக்கைக் கழற்றுவது, மாட்டுவது கூடாது. மூன்றாவது, நாற்றம். கம்பளியைப் பல நாள் போடலாம், பாலி இரண்டாம் நாளே அக்குளில் காட்டிக்கொடுக்கும். மூன்று செட் வைத்துச் சுழற்றுங்கள்.

துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி மென்மையூட்டி ஊற்றவே கூடாது. இழைமேல் படலம் படிந்து, மேலே சொன்ன தண்ணீர்ச் சொட்டு உருண்டு நிற்கத் தொடங்கிவிடும். ஹீட்டர் மேல் நேரடியாகப் போட்டாலும் ரிப்பில் இருக்கும் ஸ்பான்டெக்ஸ் தளர்ந்து ரிப் தொங்கும். அறைக்குள் கொடியில் போட்டால் போதும், அந்தக் காய்ந்த காற்றில் ராத்திரிக்குள் காய்ந்துவிடும்.

மதிப்பெண் கேட்டால்: வாஃபிள் அல்லது கிரிட் பாலி, பிளாட்லாக் தையல், ஐந்துக்கு நான்கு. வெளிநாட்டுப் பிராண்ட் மேல்சட்டை ஒன்றின் விலையில் இங்கே இரண்டு செட் எடுத்துவிடலாம், வேலையும் அதேதான். காட்டன் பிரஷ்டு, தூங்க மட்டும், இரண்டரை. விஸ்கோஸ் கலப்பு, ஒன்று. வாங்கியதும் ஊரிலேயே இரண்டு முறை துவைத்து, நீளம் சுருங்குகிறதா என்று டேப் வைத்துப் பார்த்துவிட்டுப் பையில் வையுங்கள். சர்பிளஸ் சரக்கை மாற்றித் தரமாட்டார்கள், ஆனால் ஊரில் இருக்கும்வரை வேறு ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.