இரண்டு மணி நேரம் போதும் என்றார்கள்: வியாசர்பாடி வீட்டில் கரப்பானுக்கு மருந்து அடித்த கதை

எங்கள் வீடு வியாசர்பாடியில், கேப்டன் காட்டன் கால்வாயிலிருந்து நடக்கிற தூரம். மழை விட்டு நாலு நாள் ஆனால் போதும், பாத்ரூம் ஓட்டை, சிங்க் பைப், அடுப்பு மேடைக்கு அடியில் என்று கரப்பான் கிளம்பிவிடும். பழகிப்போன விஷயம்தான். ஆனால் இந்த முறை தங்கைக்கு வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். என் பையனுக்கோ 11 மாதம், தவழ்ந்துபோய்க் கையில் சிக்கியதை எல்லாம் வாயில் வைக்கிற வயது. ஒரு நாள் காலையில் அவன் பால் பாட்டில் நிப்பிள்மேல் குட்டிக் கரப்பான் ஒன்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அம்மா போட்ட சத்தத்தில், அன்றைக்கே பெஸ்ட் கண்ட்ரோலுக்குப் போன் போட்டேன். ஒரு மாதத்தில் இரண்டு கம்பெனிகளை வைத்துச் செய்து பார்த்தாயிற்று. பெயர் போடப்போவதில்லை, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முதல் கம்பெனி, ஸ்பிரே, 1,800 ரூபாய். போனில் "மூலிகை மருந்து சார், வாசனையே வராது, குழந்தை இருந்தாலும் பயமில்லை, ரெண்டு மணி நேரம் வெளியே போய்ட்டு வாங்க போதும்" என்றார்கள். வந்தது இருபது வயசுப் பையன். கையுறை இல்லை, மாஸ்க் இல்லை, ரப்பர் செருப்பு, முதுகில் டேங்க். அவனைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும், தினமும் நாலு வீட்டில் அதைச் சுவாசிக்கிறவன் அவன்தானே. சுவரோரம், கட்டிலுக்கு அடியில், பொம்மைக் கூடை இருந்த மூலையில் என்று ஒரு இடம் விடாமல் அடித்துவிட்டுப் போனான். நாங்கள் பெரம்பூரில் சித்தி வீட்டில் இருந்துவிட்டு, சொன்னபடி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் வந்தோம். கதவைத் திறந்தால் மண்ணெண்ணெயும் அழுகின பூண்டும் சேர்ந்த மாதிரி ஒரு நெடி. சமையலறையில் முப்பது நாற்பது கரப்பான் மல்லாந்து கிடந்தது. சிலதுக்குக் கால் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். வேலை செய்யுமா என்று கேட்டால் செய்யும், அதில் குறை சொல்ல முடியாது.

சாயங்காலம் தங்கைக்குத் தலைவலி, இரண்டு முறை வாந்தி. அந்தப் பையனுக்குப் போன் செய்து கொஞ்சம் சத்தம் போட்ட பிறகுதான் வாட்ஸ்அப்பில் பாட்டில் போட்டோ வந்தது. குளோர்பைரிஃபாஸ் 20 சதவீதம். மூலிகையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, கரையானுக்கும் வயலுக்கும் அடிக்கிற மருந்து. பாட்டிலில் சாய்ந்த சதுரம் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பாதி நிறத்தைப் பாருங்கள்: சிவப்பு என்றால் மிகக் கடுமையான விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியாகப் பச்சை. எங்கள் வீட்டில் அடித்தது மஞ்சள்.

ராத்திரியே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். டியூட்டி டாக்டரம்மா முதலில் கண்ணில் டார்ச் அடித்துக் கண்மணி சுருங்கியிருக்கிறதா என்று பார்த்தார், எச்சில் அதிகமாக ஊறுகிறதா, மூச்சு இழுக்கிறதா, வேர்க்கிறதா என்று கேட்டார், மூன்று மணி நேரம் உட்காரவைத்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினார். ஏன் கண்ணைப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். நரம்பிலிருந்து தசைக்குச் சேதி கொண்டுபோகிற அசிடைல்கோலின் என்று ஒன்று உண்டு, வேலை முடிந்ததும் அதை உடைத்துப்போட ஒரு நொதி இருக்கிறது, இந்த மருந்து அந்த நொதியைப் பூட்டிவிடும், சேதி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், கண்மணி சுருங்குவதும் கரப்பான் கால் துடிப்பதும் அதனால்தான் என்றார். அதே நொதிதான் நமக்கும். கருவில் மூளை உருவாகும்போது நரம்புகள் வளர்ந்து ஒன்றோடொன்று இணைவதிலும் அந்த அசிடைல்கோலினுக்கும் நொதிக்கும் பங்கு உண்டாம். இந்த மருந்தை உடைத்துக் கழிக்கிற இன்னொரு நொதி பச்சைக் குழந்தைக்குப் பெரியவர்களைவிடக் குறைவு என்பதையும் அவர்தான் சொன்னார்.

அப்புறம் தூக்கம் எங்கே வரும், உட்கார்ந்து படித்தேன். நியூயார்க்கில் வடக்கு மன்ஹாட்டன், தெற்கு பிராங்க்ஸ் பகுதிகளில் இருந்த தாய்மார்களையும் குழந்தைகளையும் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் வருஷக்கணக்கில் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அங்கேயும் பழைய அடுக்குமாடி, அங்கேயும் கரப்பான், அங்கேயும் வீட்டுக்குள் இதே மருந்து. பிறந்தபோது தொப்புள்கொடி ரத்தத்தில் குளோர்பைரிஃபாஸ் அதிகமாக இருந்த பிள்ளைகளுக்கு 7 வயதில் ஐக்யூவும், ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்கிற நினைவாற்றலும் குறைவாக இருந்தது என்று 2011இல் எழுதினார்கள். அமெரிக்காவில் வீட்டுக்குள் இதை அடிப்பதை நிறுத்த 2000த்திலேயே முடிவாகிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. நம்ம ஊரில் 2025இலும் முதுகு டேங்கில் வருகிறது. ஒரு தடவை அடித்ததற்கே பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயமுறுத்த வரவில்லை, அந்த ஆய்வுகள் கர்ப்பகாலத்தில் உடம்பில் எவ்வளவு சேர்ந்தது என்பதைப் பற்றியவை. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து அடிப்பதாக வருடாந்தரத் திட்டம் ஒன்றை என் தலையில் கட்டப் பார்த்தார்களே, அதை நினைத்தால்தான் கோபம் வருகிறது.

என்னை உலுக்கியது இன்னொன்று. 1998இல் வந்த ஒரு ஆய்வு. இதே மருந்தை அடித்து, காற்றோட்டம் விட்டு, அதற்கப்புறம் பொம்மைகளை உள்ளே வைத்துப் பார்த்தார்கள். மருந்து மெல்ல ஆவியாகி, இரண்டு வாரம் வரைக்கும் பொம்மைகள்மேல் சேர்ந்துகொண்டே இருந்தது. வெளியே வெயிலும் மழையும் உடைத்துவிடும், வீட்டுக்குள் எது உடைக்கும்? இங்கே இரண்டு மணி நேரம் என்றார்கள். என் பையன் காதைச் சப்பிக்கொண்டே தூங்குகிற துணி யானையை அன்றைக்கே தூக்கிப்போட்டேன். இரண்டு நாள் அழுதான். தங்கையையும் அவனையும் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மெத்தை உறை எல்லாவற்றையும் துவைத்து, தரையை சோப்புத் தண்ணீரில் நாலு முறை துடைத்தோம். (இவ்வளவும் செய்துவிட்டு அன்று ராத்திரி அம்மா கொசுவர்த்தியைக் கொளுத்தினார். ஒரு சுருளிலிருந்து வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று ஒரு ஆய்வு உண்டு. காட்டினேன், "அப்போ கொசுவை நீ பிடி" என்றார்.)

இரண்டாவது கம்பெனி, ஜெல், 1,200 ரூபாய், மூலக்கடை பக்கம் ஒரு சின்னக் கடை. இந்த அண்ணன் கேட்பதற்கு முன்பே பெட்டியை எடுத்து நீட்டினார்: இமிடாக்ளோபிரிட் 2.15 சதவீதம். இதுவும் பூச்சி மருந்துதான், திருநீறு இல்லை. ஆனால் காற்றில் பறக்காது, தரையில் படியாது. ஊசி போடுகிற சிரிஞ்சு மாதிரி ஒன்றை வைத்து, கதவுக் கீலுக்குள், சிங்குக்கு அடியில், ஃபிரிட்ஜ் மோட்டாருக்குப் பின்னால் என்று பிள்ளை கை போகாத இடமாகப் பார்த்து, மிளகளவு பொட்டு வைத்துக்கொண்டே போனார். முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே போகச் சொல்லவில்லை. பொட்டு வைத்த இடத்தில் ஃபினாயில் போட்டுத் துடைக்காதீர்கள், கரப்பான் தின்ன வராது என்றார், பாத்ரூம் ஓட்டைக்கு வலை மூடி போடாமல் எந்த மருந்து வைத்தும் பிரயோஜனமில்லை என்று அவரே சொன்னார். பில்லில் மருந்தின் பெயரை எழுதித் தந்தார். முதல் கம்பெனியில் பில்லே கிடையாது.

முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை, ஏமாந்துவிட்டோமோ என்று இருந்தது. பத்தாவது நாள் சமையலறையில் லைட் போட்டால் ஓடுவதற்கு ஒன்றும் இல்லை. இப்போது வருவதெல்லாம் வாசல் வழியாக வருகிற பெரிய கரப்பான் ஒன்றிரண்டு, அதற்கு என் செருப்பு போதும்.

முதல் கம்பெனிக்கு ஒரு நட்சத்திரம், அதுவும் ஜீரோ கொடுக்க வழியில்லாததால். ஜெல் அண்ணனுக்கு நாலு. இரண்டாவது விசிட்டுக்குச் சொன்ன தேதி தாண்டி ஐந்து நாள் கழித்து வந்தார், போனும் எடுக்கவில்லை, அதற்கு ஒன்று குறைத்துவிட்டேன்.