அம்மா கொடுத்த கிட்னி தளரும்போது: டயாலிசிஸா, இன்னொரு மாற்றா?

ரத்தப் பரிசோதனை நாளில் மட்டும் காலை 9 மணி மாத்திரையைப் போடாமல் கைப்பையில் வைத்துக்கொண்டு லேப் வாசலில் உட்கார்ந்திருப்பேன். மாற்றுக் கிட்னியை உடம்பு எதிர்க்காமல் தடுக்கும் மாத்திரை அது, பெயர் டேக்ரோலிமஸ். முந்தின இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால்தான் ரத்தத்தில் அதன் லெவல் சரியாகத் தெரியும். ரத்தம் எடுத்த கையோடு மாத்திரை, அப்புறம்தான் டிபன் பாக்ஸில் இருக்கும் இட்லி. 2012இல் அம்மா எனக்குக் கிட்னி கொடுத்ததிலிருந்து இதே வழக்கம். அடிவயிற்றின் வலப்பக்கம் கை வைத்தால் அது தட்டுப்படும்.

கிட்னி தளரத் தளர ரத்தத்தில் ஏறும் கழிவு கிரியாட்டினின். பல வருடம் 1.2இல் நின்ற அது இப்போது 2.1. கிட்னி வேலை செய்யும் அளவு 30க்கு வந்துவிட்டது. பயாப்ஸியில் தெரிந்தது இதுதான்: என் உடம்பில் உருவான ஆன்டிபாடிகள் அந்தக் கிட்னியை மெதுவாக அரித்துக்கொண்டிருக்கின்றன, வடுவும் விழுந்திருக்கிறது. வேகத்தைக் குறைக்கலாம், விழுந்த வடுவை எடுக்க முடியாது என்றார் மருத்துவர். "இன்னும் நேரம் இருக்கு. நேரம் இருக்கும்போதே யோசிங்க" என்றும் சொன்னார். இரண்டு மாதமாக அதைத்தான் செய்கிறேன். என் நிலையில் இருப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதல் வழி, இருக்கும் கிட்னியை முடிந்தவரை இழுத்துப் பிடிப்பது. இதில் போட்டியே இல்லை, எல்லோரும் செய்தே ஆக வேண்டும். பிரஷர், சர்க்கரை, உப்பு, நேரம் தவறாத மாத்திரை. சிலருக்கு டேக்ரோலிமஸே கிட்னியில் வடு உண்டாக்கும். அவர்களுக்கு டோஸைக் குறைப்பதோ வேறு மருந்துக்கு மாற்றுவதோ பலன் தரும். என் கதை நேர்மாறு. சில வருடங்களுக்கு முன் எனக்குக் காசநோய் வந்தபோது ரிஃபாம்பிசின் எழுதிக் கொடுத்தவர், நான் வேறு என்ன மாத்திரை போடுகிறேன் என்று கேட்கவில்லை. ரிஃபாம்பிசின் டேக்ரோலிமஸ் லெவலைத் தரைமட்டமாக்கும் என்பது எனக்கும் அப்போது தெரியாது. ஆன்டிபாடி உருவாக அந்த வாரங்கள் இடம் கொடுத்திருக்கலாம் என்கிறார்கள். பூஞ்சைத் தொற்று மாத்திரைகள் பலவும் கிளாரித்ரோமைசினும் லெவலை ஏற்றிவிடும். எந்த மருத்துவரிடம் போனாலும், பல் டாக்டரானாலும், முதலில் மாத்திரைச் சீட்டை நீட்டுங்கள்.

சரி, இந்தக் கிட்னி நிற்கும் நாள் வந்தால்? டயாலிசிஸ் இரண்டு விதம்: ரத்தம் வழியே ஒன்று, வயிறு வழியே இன்னொன்று. நான் மாற்றுச் சிகிச்சைக்கு முன்பு எட்டு மாதம் ரத்த டயாலிசிஸில் இருந்தவள். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். செலவு காரணமாகவும் தூரம் காரணமாகவும் வாரம் இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்பவர்கள் நம் ஊரில் ஏராளம். உடம்பு அதைத் தாங்குவதில்லை. ரத்த டயாலிசிஸில் நல்லதும் உண்டு. எல்லாவற்றையும் நர்ஸ் பார்த்துக்கொள்வார், மிச்ச நான்கு நாள் நம்முடையது. கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்து ஊசி குத்த வழி செய்யும் ஃபிஸ்டுலா போட்டு அது முதிர இரண்டு மூன்று மாதம் ஆகும் என்பதால், அந்த வழி வேண்டும் என்றால் முன்னாலேயே முடிவெடுக்க வேண்டும். எப்படியும் இடது கையில் ஊசி குத்த விடாமல் நரம்பைக் காப்பாற்றி வைத்திருக்கிறேன்.

எனக்குப் பயம் ஊசி அல்ல, தண்ணீர். அம்மா போன் செய்தால் முதல் கேள்வி, "தண்ணி குடிச்சியா?" 13 வருடமாக ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் குடித்துப் பழகிவிட்டேன். சிறுநீர் குறைந்தபின் ரத்த டயாலிசிஸில் எல்லாமே அளவு. மே மாத வெயிலில் நாக்கு ஒட்டிக்கொள்ள, ஒரு ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கி வைத்துக் கரைத்த நாட்கள் மறக்கவில்லை. இளநீர் கிடையாது, வாழைப்பழம் கிடையாது, காய்கறியை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

வயிற்றுக்குள் திரவம் விட்டு, வயிற்றுச் சவ்வு வழியே கழிவை எடுப்பது வயிற்று டயாலிசிஸ். அதை நான் நேரில் பார்த்தது போன மாதம். ஓ.பி. வரிசையில் பழகிய ஒரு அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினார். அறைக் கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, முகக்கவசம் போட்டு, முழங்கை வரை கை கழுவினார். ஜன்னல் கம்பியில் கொக்கி போட்டு இரண்டு லிட்டர் பையை மாட்டினார். வயிற்றில் இருக்கும் குழாய் வழியே பழைய திரவம் கீழே இருந்த பைக்கு வடிந்தது. அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பை கலங்கலாக இருந்தால் தொற்று, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அன்று தெளிவாக இருந்தது. தராசில் மாட்டி எடை பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டு, புதுத் திரவத்தை உள்ளே விட்டார். எல்லாம் அரை மணி நேரம். ஒரு நாளைக்கு நான்கு முறை. பைகள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்துவிடுகின்றன. 2021இல் தொடங்கிய அந்தத் திட்டத்தால்தான் தாக்குப்பிடிக்கிறேன் என்றார்.

என் பள்ளி வேலைக்கு இதுதான் ஒத்துவரும் என்று நினைக்கிறேன். காலை, மதிய இடைவேளை, மாலை, தூங்கும் முன். மிச்சமிருக்கும் சிறுநீர் இதில் கொஞ்ச காலம் கூடுதலாக நிற்கும், சாப்பாட்டுக் கெடுபிடியும் குறைவு. மாற்றுக் கிட்னியை வயிற்றுச் சவ்வுக்கு வெளியே வைத்துத் தைப்பதால் பெரும்பாலும் இதற்கு அது தடையில்லை. ஆனால் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை போடுகிறவளுக்குத் தொற்று வந்தால் அது சின்ன விஷயமில்லை. விடுமுறை நாள் என்ற ஒன்றும் இதில் கிடையாது. இரண்டையும் எடை போட்டால் எனக்கு வயிற்று டயாலிசிஸ்தான். வீட்டில் தனி அறையோ கைகொடுக்க ஆளோ இல்லாதவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இனி இரண்டாவது கிட்னி மாற்று. டயாலிசிஸுக்குப் போகாமலே செய்துகொண்டால் பலன் கூடுதல் என்பது தெரிந்த விஷயம். அதற்கு உயிரோடு இருக்கும் ஒருவர் கொடுக்க வேண்டும். என் கணவர் தருகிறேன் என்கிறார். நம் நாட்டில் கிட்னி கொடுப்பவர்களில் அம்மாக்களும் மனைவிகளுமே அதிகம். அப்படியிருக்க இவர் சொன்ன அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இருவருக்கும் ஓ பாசிட்டிவ்தான். ஆனால் இரண்டு தடை இருக்கிறது. ஒன்று, நான் அவருடைய பிள்ளையைச் சுமந்தவள். கர்ப்பத்தின்போது தகப்பன் வழித் திசு அடையாளங்களுக்கு எதிராகத் தாயின் உடம்பில் ஆன்டிபாடி உருவாகலாம். முதல் கிட்னியால் உருவானவை அதற்கு மேல். என் ஆன்டிபாடிகள் அவருடைய திசுவைத் தாக்குமா என்று பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனை பாசிட்டிவ் என்றால் அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிவிடும். அப்போது இன்னொரு குடும்பத்தோடு மாற்றிக் கொடுத்துக்கொள்ள 2011இல் திருத்திய உறுப்பு மாற்றுச் சட்டம் வழி விடுகிறது. இரண்டாவது, அவருடைய சர்க்கரை. மூன்று மாத சராசரி 6.0. இன்னும் நோய் இல்லை, ஆனால் விளிம்பில் நிற்கிறது. அவருடைய அப்பாவுக்கும் சர்க்கரை உண்டு. பத்து வருடம் கழித்து ஒற்றைக் கிட்னியோடு அவர் சர்க்கரை நோயாளியானால் என்ற கேள்வியை என்னால் ஒதுக்க முடியவில்லை.

அரசின் உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிந்து, மூளைச்சாவு அடைந்தவரின் கிட்னிக்குக் காத்திருப்பது மற்ற வழி. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவைச் சிகிச்சைக்கு உதவி உண்டு. ஓ பிரிவுக்கு வரிசை நீளம், ஆன்டிபாடி அதிகம் இருப்பவருக்குப் பொருந்துவது இன்னும் கடினம். 2008இல் திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதி, விபத்தில் மூளைச்சாவு அடைந்த மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுத்தபோது தமிழ்நாடே பேசியது. அந்தப் பையனுக்கு வயது 15. என் மகனுக்கும் இப்போது 15. அந்த வரிசையில் பெயர் எழுதுவது, ஏதோ ஒரு வீட்டின் இழவுக்காகக் காத்திருப்பது போலவே எனக்குத் தோன்றியது. அந்த அக்காதான் திருத்தினார்: "அவங்க போறது நமக்காக இல்ல. போனப்புறம் குடுக்கறதுதான் நமக்கு."

இப்போதைக்கு என் முடிவு இது. கிராஸ்மேட்ச் பார்ப்போம். அது சரியாக வந்தாலும், கணவரின் சர்க்கரையை எங்கள் கிட்னி மருத்துவர் அல்லாத வேறொரு மருத்துவர் பார்த்து, கொடுக்கலாம் என்று அவரிடம் தனியாகச் சொன்னால்தான் மேலே போவோம். இல்லையென்றால் வயிற்று டயாலிசிஸும் வரிசையும். எந்த வழியானாலும் மாத்திரையை நானாக நிறுத்த மாட்டேன், நிறுத்தினால் ஆன்டிபாடி இன்னும் பெருகும். ரத்தசோகைக்கு ஊசியும் இரும்புச் சத்தும் போதும் என்றால் ரத்தம் ஏற்றிக்கொள்ள மாட்டேன், காரணம் அதேதான்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. 66 வயது, மிச்சமிருக்கும் ஒரு கிட்னியோடு கிரியாட்டினின் 0.9, நன்றாக இருக்கிறார். மருத்துவமனையில் தம்பதி என்பதற்கு ஆதாரம் கேட்டதால், கல்யாண ஆல்பம் அம்மா வீட்டு பீரோவில் இருக்கிறது என்று ஞாயிற்றுக்கிழமை எடுக்கப் போகிறேன். எதற்கு என்று கேட்பார்.