அம்ருதம் சீரியல் ரிவ்யூ: குன்னம் கங்கராஜு சின்னத்திரைலதான் ராஜா

தெலுங்கு கொஞ்சம் புரிஞ்சா போதும், யூட்யூப்ல அம்ருதம்னு தேடிப் பாருங்க. ஜெமினி டிவில 2001ல ஆரம்பிச்சு 2007 வரைக்கும் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஓடின காமெடி சீரியல். ஆந்திரா ஃப்ரெண்ட்ஸ் யாரையாவது கேட்டீங்கன்னா அவங்களே டைட்டில் பாட்டைப் பாட ஆரம்பிச்சிடுவாங்க (சிரிவெண்ணெல சீதாராம சாஸ்திரி எழுதி, கீரவாணி தம்பி கல்யாணி மாலிக் மியூசிக் போட்டது).

கதைன்னு பெருசா ஒண்ணும் இல்ல. அம்ருதராவ் (அம்ருதம்), ஆஞ்சநேயுலு (அஞ்சி)ன்னு ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் ஹைதராபாத்ல அம்ருத விலாஸ்னு ஒரு ஓட்டல் நடத்துறாங்க, ஓட்டல் உருப்படாது, ஹவுஸ் ஓனர் அப்பாஜி வாடகைய ஏத்திடுவேன்னு மிரட்டிக்கிட்டே இருப்பாரு, சர்வர் சர்வம் நடுவுல பூந்து இன்னும் குட்டைய குழப்புவான். ஐடியா ஜெயிச்சா அம்ருதத்தோட ஐடியா, ஊத்திக்கிச்சுன்னா பழி அஞ்சி மேல. அந்தப் பழிய வாங்கிக்கிட்டு அஞ்சியா நடிச்ச குண்டு ஹனுமந்தராவ் ஒரு முழி முழிப்பாரு பாருங்க, டயலாக்கே தேவையில்ல. அம்ருதம் ரோல்ல சிவாஜி ராஜா, நரேஷ், ஹர்ஷவர்தன்னு மூணு பேர் மாறினாங்க, அப்பவும் சீரியல் ஆடாம நின்னதுக்குக் காரணம் ஹனுமந்தராவ் மாறாம இருந்ததுதான்னு நான் சொல்வேன்.

இதுக்குப் பின்னாடி இருக்குற ஆளு குன்னம் கங்கராஜு. 1996ல லிட்டில் சோல்ஜர்ஸ்னு குழந்தைங்க படம் எடுத்து டைரக்டரா வந்தவரு. படம் நல்லா இருக்கும், ஆனா அடுத்து மளமளன்னு படம் பண்ணல. டிவி பக்கம் வந்து அம்ருதத்தை ஆரம்பிச்சாரு, கொஞ்ச எபிசோட அவரே டைரக்ட் பண்ணிட்டு சந்திரசேகர் ஏலேட்டி, எஸ்.எஸ்.காஞ்சி, சர்வமா நடிச்ச வாசு இண்டூரி, ஹர்ஷவர்தன்னு ஒவ்வொருத்தர் கைலயா கொடுத்துட்டாரு. எனக்கு இவர்கிட்ட ரொம்பப் பிடிச்சதே இதுதான். அதே ஏலேட்டிய வச்சு 2003ல ஐதே தயாரிச்சாரு, அதுக்கு சிறந்த தெலுங்குப் படத்துக்கான தேசிய விருது கிடைச்சுது, அப்புறம் 2005ல அனுகோகுண்ட ஒக ரோஜு, அது ஹிந்தில அஜய் தேவ்கன் நடிச்சு சண்டேன்னு வந்துச்சு. காஞ்சி யாருன்னா மரியாத ராமண்ணா கதை எழுதினவரு, அட நம்ம சந்தானம் நடிச்ச வல்லவனுக்கு புல்லும் ஆயுதம், அதோட ஒரிஜினல்தான். ஒரு டிவி சீரியல் செட்ல இத்தனை பேரு!

ஆனா எல்லாமே சூப்பர்னு சொல்ல மாட்டேன். 2014ல இதே கேரக்டர்கள தூக்கி நிலாவுக்கு அனுப்பி அம்ருதம் சந்தமாமலோன்னு சினிமாவா எடுத்தாரு, அவசரால ஸ்ரீநிவாஸ் ஹீரோ. ஐடியா கேக்க ஜாலியா இருக்கும், பார்க்க முடியல. வாடகை கட்ட வழியில்லாம முழிக்கிறதுலதான் அந்த ரெண்டு பேரோட காமெடியே இருக்கு, ராக்கெட்ல ஏத்திட்டா அவங்க யாரோ ஆயிடறாங்க, கிராஃபிக்ஸ்தான் தெரியுது. 2020 உகாதிக்கு ஜீ5ல அம்ருதம் த்விதீயம்னு ரெண்டாவது பாகம் வந்துச்சு, 2018ல ஹனுமந்தராவ் இறந்துட்டதால அஞ்சியா எல்.பி.ஸ்ரீராம். நல்ல நடிகர்தான், ஆனா அந்த முழி இல்ல.

பழைய சீரியல்லயும் குறை உண்டு. படம் மங்கலா இருக்கும், டிவி கால பிக்சர் குவாலிட்டி அவ்ளோதான். இருநூறு எபிசோடுக்கு மேல போறதால கடைசில கொஞ்சம் இழுவை, பொண்டாட்டிங்க சஞ்சீவினி, சாந்தா ரெண்டு பேருக்கும் இன்னும் நல்லா எழுதியிருக்கலாம். வரிசையா உக்காந்து பார்க்காதீங்க, சலிச்சிடும். சாப்பிடும்போது ஒண்ணு ஒண்ணா போட்டுப் பாருங்க, முதல் வருஷத்து எபிசோடுகள்லருந்து ஆரம்பிங்க. அஞ்சுக்கு நாலரை தாராளமா தரலாம், நிலா படத்துக்கு ஒண்ணரை, அதுவும் பாவம் பார்த்து.